கடுகு பதித்த கன்னம்

என் கணவர் சைகோன் துறைமுகத்தில் சுங்க அலுவலகத்து எழுத்தர். காரைக்காலில் கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் என்னைக் கப்பலேற்றி அழைத்து வந்தார். தான்தின் என்ற பேட்டையில், மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய ஓட்டு வீடுகளில் ஒன்று எங்களுடையது. காலையில் அவர் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால், மதியச் சாப்பாட்டுக்கும் சின்னத் தூக்கத்துக்கும் வந்து போகிற நேரம் தவிர, வீட்டில் நான் ஒருத்திதான். என் மகள் பிறந்தது ஆறு வருஷம் கழித்து.

படம் போட எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் காரைக்கால் மடத்துக் கன்னியாஸ்திரிகள், நாங்கள் மசேர்கள் என்போம். படம் என்றால் பீடத்து விரிப்பில் தைப்பதற்கான லீலிப்பூ, திராட்சைக் குலை, ஆட்டுக்குட்டி. தாளை மேலே வைத்து அடியில் தெரிகிற கோட்டின் மேல் பென்சிலை ஓட்ட வேண்டும். கோடு தாண்டினால் விரல் முட்டியில் ஓர் அடி. சைகோன் வந்த பிறகு அடிக்க ஆளில்லை. அடியில் வைக்கப் படமும் இல்லை. அதனால் கண்ணில் பட்டதை எல்லாம் பார்த்து வரைய ஆரம்பித்தேன்.

சரக்குப் பெட்டிகளுக்குள் விரித்து வந்து, பிறகு குப்பைக்குப் போகும் தாள்களைக் கணவர் சுருட்டிக்கொண்டு வருவார். சர்க்கரை சுற்றிய நீலத்தாள், தேயிலைப் பெட்டியின் ஈயப்பூச்சுத் தாள், பழுப்பு நிறத்தில் தடித்த அட்டை. அடுப்புக் கரியால் வரைந்தேன். கரி போதவில்லை என்று தோன்றியபோது வேட்டிக்குப் போடும் நீலத்தைக் கரைத்தேன். மஞ்சள், வெற்றிலைச் சுண்ணாம்பு, காப்பி வடித்த கசடு எல்லாம் தாளுக்கு வந்தன. மெழுகுவர்த்தி சொட்டிய இடத்தில் சாயம் ஏறாது என்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்து, அன்று முழுவதும் மெழுகால் மழை வரைந்துகொண்டிருந்தேன். ஈரமான நீலத்தில் உப்பைத் தூவினால் அது தண்ணீரை இழுத்துக்கொண்டு பூப்பூவாகப் பிரியும். அந்த ஊரில் செத்தவர்களுக்காக எரிக்கிற தங்கத்தாள் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். அதையும் கிழித்து ஒட்டிப் பார்த்தேன். இதற்கெல்லாம் பெயர் உண்டா, வேறு யாராவது இப்படிச் செய்கிறார்களா என்று எனக்குத் தெரியாது.

ஒருநாள் கணவர் சாப்பிட உட்கார்ந்து, கிண்ணத்தில் இருந்ததைச் சோற்றில் ஊற்றிக்கொள்ளப் போனார். அது சுண்ணாம்பும் மஞ்சளும் கலந்த சாயம். கையைப் பிடித்துத் தடுத்தேன்.

"இந்த ஊட்ல எது கொழம்பு, எது சாயம்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டிப்புடு" என்றார். அதற்கு மேல் அவர் என்றும் கடிந்துகொண்டதில்லை.

நான் போட்டதை உட்கார்ந்து பார்த்தவள் ஒருத்திதான். இரண்டு வீடு தள்ளித் தையல் மிஷின் வைத்திருந்த, அந்த நாட்டுக்காரியான ஆனாமியப் பெண். அந்த ஊரில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், பிறந்த வரிசையைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவளைச் சந்தில் எல்லோரும் 'கோ பா' என்றார்கள். மூன்றாமவள் என்று அர்த்தம். ஆனால் அவர்கள் கணக்கில் தலைப்பிள்ளைக்கே இரண்டு என்றுதான் பெயர், அதனால் அவள் உண்மையில் இரண்டாவதாகப் பிறந்தவள்.

ஐந்து வயதில் அவளுக்கு அம்மை போட்டிருக்கிறது. அதே அம்மையில் தாய் தகப்பனும் அக்காவும் போய்விட, யாரோ அவளைக் கொண்டுவந்து மடத்து அனாதை இல்லத்தில் விட்டார்கள். அங்கே மசேர்கள் பிரஞ்சும் தையலும் சொல்லிக்கொடுத்தார்கள். பதினான்கு வயதில் ஒரு காரைக்கால் குடும்பத்துக்கு வேலைக்குப் போய், அங்கே பத்து வருஷம் இருந்ததில் தமிழ் வந்துவிட்டது. வார்த்தைகளின் வாலை விழுங்கிவிடுவாள், ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சுதான். அந்த வீட்டுக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது ஒரு பழைய மிஷினைக் கொடுத்துவிட்டுப் போக, அதை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். கூச்சி என்ற ஊரில் சின்னம்மா ஒருத்தி இருப்பது பெரியவளான பிறகுதான் அவளுக்குத் தெரியவந்தது. கூச்சி என்று முதலில் கேட்டபோது குச்சி என்று நினைத்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

முகம் முழுவதும் தழும்பு. நெற்றியில் குறைவு, இரண்டு கன்னத்திலும் அதிகம். வெளியே போகும்போது ஓலைத் தொப்பியை மூக்கு வரை இறக்கிக்கொள்வாள். என் வீட்டுக்குள் வந்ததும் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள். அதை நான் ஒரு பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

பகல் மூன்று மணிக்கு வருவாள். வெட்டி மிஞ்சிய பட்டுத் துண்டுகளை ஒரு பொட்டலமாகக் கட்டி எனக்குக் கொண்டுவருவாள். நான் காப்பி போடுவேன். நான் வரைந்ததைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு இருவரும் எதிரில் உட்காருவோம். பொத்தாம்பொதுவாக நன்றாக இருக்கிறது என்று அவள் சொல்லமாட்டாள். இந்த வாளியில் தண்ணீர் இருக்கிறது என்பது தெரிகிறது, அந்த வாளியில் தெரியவில்லை என்பாள். அவள் சொன்னது ஒவ்வொரு முறையும் சரியாக இருக்கும்.

ஒருமுறை அவளைப் போடட்டுமா என்று கேட்டேன். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு ஒரு கதை சொன்னாள். சில வருஷங்களுக்கு முன் சின்னம்மா ஒரு சம்பந்தம் பார்த்திருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் முதலில் போட்டோ கேட்டார்கள். போட்டோ பிடிக்கிறவர் நல்ல மனிதர். கண்ணாடித் தகட்டை ஊசியால் சுரண்டிச் சுரண்டி முகத்தை வழவழவென்று ஆக்கிக் கொடுத்துவிட்டார். போட்டோவைப் பார்த்து அவர்கள் சந்தோஷமாகக் கிளம்பி வந்தார்கள். வாசலில் இவளைப் பார்த்ததும், பெண்ணுக்குத் தங்கச்சியா என்று கேட்டார்கள்.

"அன்னிக்கி அவங்க குடிச்ச டீ கோப்பைய நான்தான் கழுவுனேன்" என்றாள்.

அப்படியென்றால் வேண்டாம் என்று நான் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

"போடு அக்கா. பொய்யா போடாத, இருக்கறதப் போடு. ஆனா மெதுவாப் போடு."

நான்கு பிற்பகல்கள் பின்கட்டில், கிணற்றுப் பக்கத்து வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். தடித்த அட்டையில் கரியால் மட்டும் வரைந்தேன். தழும்புகளைத் தனித்தனியாகப் போடவில்லை. கரியை விரலால் ஒற்றி ஒற்றி, வெளிச்சம் ஒரே சீராக விழாத கன்னமாக விட்டேன். எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. மசேர்கள் சொல்லிக்கொடுத்த எதுவும் அதில் இல்லை. என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒன்றை நான் வரைந்ததில்லை.

அவள் முன்னால் நிறுத்தினேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். காப்பி ஆறிவிட்டது.

"இது நான்தான்" என்றாள். கொஞ்சம் கழித்து, "சின்னம்மா பாக்கணும்" என்றாள்.

அந்தப் படத்தை அன்றே அவளிடம் கொடுத்திருக்கலாம். காற்றில் கொஞ்சம் காயட்டும் என்று சொல்லி வைத்துக்கொண்டேன். கரிக்குக் காய என்ன இருக்கிறது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலில் ஓர் அறிவிப்பு வாசித்தார்கள். ஏழைகளுக்காக மடத்துப் பள்ளி முற்றத்தில் ஒரு விற்பனைச் சந்தை நடக்கப்போகிறது, பெண்கள் தங்கள் கைவேலைகளைக் கொடுக்கலாம் என்றார்கள். முன்நின்று நடத்துகிறவர் ஒரு பெரிய உத்தியோகஸ்தரின் மனைவி. கோயிலில் முதல் பெஞ்சில் உட்காருகிற மதாம். என் கணவர் ஊரிலேயே பழைய சட்டத்தை விட்டுப் பிரஞ்சுச் சட்டத்துக்கு எழுதிக்கொடுத்துக் குடும்பப் பெயர் வாங்கியவர். கடுதாசியில் நாங்கள் பிரஞ்சுக்காரர்கள். ஆனால் மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் நான் அந்த மதாமுக்குப் பொன்ழூர் சொல்லியிருக்கிறேன். ஒருமுறைகூட அவர் தலை என் பக்கம் திரும்பியதில்லை. எங்களை அவர்கள் 'மலபார்கள்' என்பார்கள். நான் காரைக்கால் என்று சொல்ல யாரும் கேட்டதுமில்லை.

கோ பாவிடம் படத்தைச் சந்தைக்கு வைக்கட்டுமா என்று கேட்டேன். விற்கக் கூடாது, பார்க்க மட்டும் வைக்கலாம் என்றாள். முகம் சிவந்திருந்தது. சின்னம்மாவை வரச்சொல்லி ஆளனுப்பப் போவதாகச் சொன்னாள்.

அதன் பிறகு நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

வீட்டில் படத்தை எடுத்துப் பார்த்தபோது அது வெறும் கரிப் படமாகத் தெரிந்தது. மதாம்கள் பாரீசில் எத்தனை கரிப் படம் பார்த்திருப்பார்கள். நான் கண்டுபிடித்த வித்தைகள் ஒன்றுகூட இதில் இல்லையே என்று தோன்றியது. முதலில் பின்புறத்துக்கு மட்டும் தங்கத்தாளை ஒட்டினேன். அது பளிச்சென்று வந்தவுடன் முகம் மங்கிவிட்டது. உடுப்பு இருக்கும் இடத்தில் அவள் கொடுத்த நாவல்பழ நிறப் பட்டுத் துண்டை மடிப்பு மடிப்பாக வைத்து ஒட்டினேன். முகம் இன்னும் பின்னால் போயிற்று. அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

அரிசி மாவில் கூழ் காய்ச்சி, சுண்ணாம்பும் கொஞ்சம் காப்பிக் கசடும் சேர்த்துப் பிசைந்தேன். தோல் நிறத்தில் கெட்டியான பசை. அதைக் கன்னத்தின் மேல், கரியின் மேலேயே, கத்தி முனையால் பூசினேன். ஈரம் இருக்கும்போதே கடுகை எடுத்து ஒவ்வொன்றாகப் பதித்தேன். வெயிலில் காய வைத்து, ஊசியால் கடுகை நெம்பி எடுத்தால், ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் சின்னக் குழி, ஓரம் சற்றே உயர்ந்து, அச்சு அசலாக அம்மைத் தழும்பு. கையைக் கன்னத்தில் வைத்தால் குழிகள் விரலுக்குத் தெரிந்தன.

அந்த இரண்டு நாள் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை நினைத்தால்தான் இப்போதும் என் முகம் காந்துகிறது. பாடிக்கொண்டே கடுகு பதித்தேன். அவளுக்கு நெற்றியில் தழும்பு குறைவு என்பது தெரிந்திருந்தும், நெற்றி வெறுமையாக இருக்கிறதே என்று அங்கேயும் ஒரு பிடி பதித்தேன். அந்த நாட்களில் மூன்று மணிக்கு அவள் கதவைத் தட்டியபோது தலைவலி என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

கணவர் அதைப் பார்த்தார். அருகில் போய்க் கன்னத்தில் ஒரு விரலை வைத்து, உடனே எடுத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு இதப் பாத்துச்சா?"

"பாத்தா."

"ஒண்ணும் சொல்லலயா?"

"நல்லாருக்குன்னா."

கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு போனார்.

சந்தை ஞாயிற்றுக்கிழமை காலையில். முற்றத்து மாமரங்களுக்கு அடியில் மேஜைகள் போட்டு, பூவேலை செய்த கைக்குட்டைகள், பின்னல் தொப்பிகள், பழப்பாகு ஜாடிகள் எல்லாம் வைத்திருந்தார்கள். என் படத்தை ஒரு நாற்காலியின் மேல் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். தங்கத்தாள் வெயிலில் மின்னியது. முதலில் ஒரு மதாம் நின்றார், அப்புறம் மூன்று பேர், பிறகு முதல் பெஞ்சு மதாமே வந்துவிட்டார்.

கையுறை போட்ட விரலால் படத்தின் கன்னத்தைத் தடவினார். இதை எப்படிச் செய்தீர்கள் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். முதன்முறையாக அவர் கண் என் கண்ணைப் பார்த்தது. நான் அரிசி மாவில் ஆரம்பித்தேன். சுண்ணாம்பு, காப்பி, கடைசியில் கடுகு. கடுகு என்றதும் அவர்கள் நம்பவில்லை. ஊசியால் எப்படி நெம்ப வேண்டும் என்று கையால் காட்டினேன். அப்படியானால் இது அம்மை இல்லை, கடுகம்மை என்று ஒரு மதாம் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்புத்தான் கொஞ்சம் பெரியதாக இருந்தது என்று நினைக்கிறேன்.

அப்போது அவர்களுடைய தொப்பிகளுக்கு இடையில் கோ பாவைப் பார்த்தேன். நாவல்பழ நிறப் பட்டில் புதிதாகத் தைத்த நீண்ட உடுப்பு. ஓலைத் தொப்பி இல்லை. தலையை வாரி எண்ணெய் வைத்து முடிந்திருந்தாள். ஒரு பக்கம் வெற்றிலை போட்ட வாயோடு வயதான சின்னம்மா, இன்னொரு பக்கம் கூச்சியிலிருந்து வந்த இரண்டு உறவுக்காரப் பெண்கள். விடிகாலை பஸ்ஸில் வந்திருக்க வேண்டும், உடுப்பின் ஓரங்களில் செம்மண் இருந்தது. எவ்வளவு நேரமாக நின்றிருந்தார்கள் என்று தெரியவில்லை. மற்ற மூவருக்கும் பிரஞ்சு தெரியாது. அவளுக்குத் தெரியும்.

மதாம் என் கண் போன பக்கம் திரும்பினார். படத்தின் பட்டைப் பார்த்தார், அவள் உடுப்பைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, குறும்பாக, "அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் வரைந்தீர்களா?" என்று கேட்டார்.

ஆமாம், என் சிநேகிதி என்று சொல்ல ஒரு மூச்சு போதும். மடத்தில் கற்ற பிரஞ்சில் அதற்கு நான்கு வார்த்தைகூட ஆகாது.

"இல்லை மதாம்" என்றேன். "யாரையும் பார்த்து வரையவில்லை. மனதில் தோன்றியது."

கோ பா சின்னம்மாவின் பக்கம் குனிந்து ஏதோ சொன்னாள். நால்வரும் திரும்பி, பழப்பாகு மேஜையைத் தாண்டி, வாசல் வழியாக வெளியே போனார்கள். அவள் நடையில் அவசரம் இல்லை. சின்னம்மா மட்டும் ஒருமுறை திரும்பி, எதையோ தேடுகிற மாதிரி மேஜைகளைப் பார்த்தாள்.

மதாம் படத்தைத் தன் வரவேற்பறைக்குக் கேட்டார். விற்கக் கூடாது என்று அவள் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. விற்கவில்லையே, கொடுக்கத்தானே செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கொடுத்துவிட்டேன். கணவர் வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு வாசலுக்கு வந்ததும், "பாத்தான்னு சொன்னியே" என்றார். அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வரை எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று மூன்று மணிக்கு நானே அவள் வீட்டுக்குப் போனேன். மிஷினில் ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை, தைப்பதையும் நிறுத்தவில்லை. நான் நின்றுகொண்டே பேசினேன். மதாம்களுக்குப் புதுமையாக இருக்க வேண்டும் என்று செய்தேன், உன்னைக் கேலி செய்ய நினைக்கவில்லை என்று என்னென்னவோ சொன்னேன். மிஷின் ஓடும் சத்தத்தில் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஓரம் முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"என் மூஞ்சி அப்புடித்தான் இருக்கு. அதுக்கு நான் அழல" என்றாள். "அந்த மதாம் கேட்டப்ப இல்லன்னு சொன்னியே."



சின்னம்மாவிடம் அன்று என்ன சொன்னாய் என்று கேட்டேன். எந்தப் படம் உன்னுடையது என்று சின்னம்மா கேட்டாளாம். என் படத்தை இன்னும் கொண்டுவந்து வைக்கவில்லை, நாள் மாறிவிட்டது என்று இவள் சொல்லியிருக்கிறாள். கிழவி நம்பிவிட்டாள். அடுத்த தடவை காட்டு என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போயிருக்கிறாள்.

"கரியில போட்டது எங்க அக்கா? அதக் குடு. சின்னம்மாக்கு அனுப்பிடறேன்."

அவள் அதை வேறு படம் என்று நினைத்திருந்தாள். ஒன்றைப் பத்திரமாக வைத்துவிட்டு இன்னொன்றைச் செய்திருப்பேன் என்று நம்பியிருந்தாள்.

"அதுக்கு மேலதான் பூசினேன்" என்றேன்.

அவள் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இருந்தால் தேவலை என்று இருந்தது. ஒரு துணியை வெட்டுவதற்கு முன் அளவு சரிதானா என்று பார்ப்பது போலத்தான் பார்த்தாள். பிறகு மிஷினில் அடுத்த துணியை வைத்தாள்.

மறுநாள் காலையிலேயே ஆள் இழுக்கும் பூஸ்பூஸ் வண்டி வைத்துக்கொண்டு மதாமின் பங்களாவுக்குப் போனேன். வேலைக்காரர் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார். வெகுநேரம் கழித்து மதாம் வந்தார். அவர் கண்ணில் ஞாயிற்றுக்கிழமையின் குறும்பு இல்லை, நான் யார் என்பதே ஒரு கணம் பிடிபடவில்லை. படம் என்றதும் நெற்றியைச் சுருக்கினார். அரிசி மாவுக்கு எறும்பு வந்துவிட்டதாம். வரவேற்பறைச் சுவரில் சாரை சாரையாக ஏறிற்றாம், வண்டி நிறுத்துகிற கொட்டகையில் வைக்கச் சொல்லிவிட்டாராம்.

இங்கே உண்மையைச் சொல்ல எனக்கு இன்னொரு முறை வாய்த்தது. அது என் சிநேகிதியின் முகம், அவளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். எறும்பு வராமல் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லித்தான் வாங்கினேன். அவசரமே இல்லை என்றார் மதாம். அதற்குப் பிறகு அவர் அதைக் கேட்கவேயில்லை.

வீட்டில் பின்கட்டில் உட்கார்ந்து பசையை எடுக்கப் பார்த்தேன். எறும்பு அரித்த இடங்களில் அது தானாகவே உதிர்ந்தது, ஆனால் அடியில் இருந்த கரியையும் கூட்டிக்கொண்டு உதிர்ந்தது. ஈரத்துணியை வைத்து ஊறவிட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பு கரைந்து கரியோடு கலந்து சாம்பல் நிறக் குழம்பானது. ஊசியால், நகத்தால், பிரெட் துண்டால், எனக்குத் தெரிந்த எல்லாவற்றாலும் பார்த்தேன். மத்தியானம் வரை உட்கார்ந்து கடைசியில் கிடைத்தது பூச்சு படாத ஒரு கண், காதின் ஓரம், முடிந்த கூந்தலின் மேல்பகுதி. நடுவில் முகம் இருந்த இடத்தில் அட்டை பிய்ந்து நார் நாராக நின்றது.

வீட்டிலேயே ஒளித்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் இதில் இன்னொரு பொய் சொல்ல எனக்கு உடம்பில் தெம்பு இல்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மதாமிடம் என்ன சொல்லி வாங்கினேன் என்பதையும் சொன்னேன்.

"கண்ணு நல்லாருக்கு" என்றாள்.

திரும்ப உட்காரு, முன்பு போலவே கரியில் மட்டும் போடுகிறேன், போட்ட அன்றே கொடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். அவள் அட்டையைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினாள்.

"வேணாம் அக்கா. ஒனக்கு முன்னாடி உக்கார எனக்கு இனிமே வராது."

அதற்குப் பிறகு சண்டை எதுவும் இல்லை. சந்தில் பார்த்தால் தலையை அசைப்பாள். துணி கொடுத்தால் தைத்துத் தருவாள், தையல் முன்பைவிட ஒழுங்காகவே இருக்கும். ஆனால் வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். உள்ளே வா என்றால் வேலை கிடக்கிறது என்பாள். ஓலைத் தொப்பி தலையிலேயே இருக்கும். மூன்று மணிக்கு நான் ஒரு கோப்பைக் காப்பி மட்டும் போடப் பழகிக்கொண்டேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். பொய் சொன்னேன், சாமி என்றேன். எத்தனை முறை என்று கேட்டார். நான்கு என்றேன். அபராதமாக ஜெபம் கொடுத்தார். முழங்காலில் நின்று முழுவதும் சொல்லி முடித்தேன். கோயிலை விட்டு வெளியே வரும்போது எதுவும் இறங்கியதாக இல்லை. கணவரிடம் உட்கார்ந்து முழுக்கதையும் சொன்னது அதற்கு வெகுநாள் கழித்து. அவர் கேட்டுவிட்டு, அவள் பார்க்கவில்லை என்று நீ அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால் அந்தப் படத்தை வீட்டை விட்டு எடுக்க விட்டிருக்கமாட்டேன் என்றார். அது எனக்கும் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் கோ பா மிஷினை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கூச்சிக்கே போய்விட்டாள். சின்னம்மாவுக்குக் கண் தெரியாமல் போய்விட்டது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சந்தில் சொன்னார்கள். என்னிடமும் சொல்லிக்கொண்டுதான் போனாள். கண் தெரியாமல் போய்விட்டது என்று கேட்டபோது, இனி அந்தக் கிழவிக்கு எந்தப் படத்தைக் காட்ட முடியும் என்றுதான் என் மனதில் ஓடியது. அதை அவளிடம் சொல்லவில்லை.

நான் வரைவதை விடவில்லை. விட்டுவிட்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். மெழுகு, நீலம், உப்பு, பட்டு எல்லாவற்றையும் வைத்து வருஷக்கணக்காக மீனும் வாளியும் மழையும் வரைந்திருக்கிறேன். முகம் மட்டும் வரைவதில்லை. என் மகள் சின்னவளாக இருக்கும்போது என்னைப் போடு அம்மா என்று கேட்பாள். அம்மாவுக்கு முகம் போட வராது என்று சொல்லிவிடுவேன்.

மகளுக்கு ஏழு வயதிருக்கும்போது, ஒருநாள் காலை பெரிய மார்க்கெட்டில் துணிக்கடைகள் இருக்கும் பக்கம் யாரோ "அக்கா" என்று கூப்பிட்டார்கள். தமிழில் கூப்பிட்ட குரலைக் கேட்டு ஏதோ காரைக்கால் பெண் என்று திரும்பினேன். கோ பா நின்றிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கையில் நூல்கண்டுகள். பக்கத்தில் ஒல்லியாக, வெயிலில் கறுத்த ஒருவர், இரண்டு கூடைகளைக் காவடி போலத் தோளில் சுமந்து நின்றார். மாடு வைத்திருக்கிறவராம், மனைவியை இழந்தவராம், கல்யாணமாகி மூன்று வருஷம் ஆயிற்றாம். சின்னம்மா தவறிவிட்டாள் என்றாள். என் மகளின் சட்டைக் கையைப் பிடித்துப் பார்த்து, யார் தைத்தது, தோள் சரியாக விழவில்லையே என்றாள். நான்தான் என்றேன். சிரித்தாள்.

பிறகு அந்த மனிதரின் பக்கம் திரும்பி, என்னைக் காட்டி, ஆனாமிய மொழியில் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அந்த அளவுக்கு அந்தப் பாஷை எனக்கும் வந்திருந்தது.

"நான் சொன்னேனே, தான்தினில் பக்கத்து வீட்டு அக்கா. எனக்குச் சிநேகிதி. நல்லாப் படம் போடுவாங்க."

அவர் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் குவித்து எனக்கு வணக்கம் சொன்னார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். உதட்டு ஓரத்தில் குத்தல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றுமில்லை. இருப்பதை இருப்பதாகச் சொன்ன முகமாகத்தான் இருந்தது.

பதிலுக்கு நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நூல் என்ன விலைக்கு வாங்கினாய் என்று கேட்டேன். அவள் சொன்னாள். அதிகம்தான் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்கள். கூட்டத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அத்தை யார் என்று மகள் கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மீன் கடைகளின் பக்கம் நடந்துகொண்டே, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.